பிஹெச் கணக்கும் கோபன்ஹேகன் நகரமும்



போன மாதம் செம்பருத்திப் பூச்சாறு அமிலத்தில் ஒரு நிறமும் சோப்புத் தண்ணீரில் வேறு நிறமும் காட்டுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் கீழே என் பழைய மாணவன் ஒருவன் இப்படிக் கேட்டிருந்தான்: "டீச்சர், எட்டாம் வகுப்புல நீங்க நிறத்தைக் காட்டினீங்க, புரிஞ்சுது. பிளஸ் ஒன் போனதும் அதையே லாக் போட்டுக் கணக்காக்கிட்டாங்க. பிஹெச் கொடுத்தா ஹைட்ரஜன் அயனிச் செறிவு கண்டுபிடின்னு ஒரு கணக்கு. மார்க் வாங்கினேன், ஆனா அது எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. இப்ப என் பொண்ணு அதே கணக்கோட மல்லுக்கட்டுறா."

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்தியவள். பிளஸ் ஒன் வேதியியல் நடத்தியதில்லை. ஆனால் பணி ஓய்வுக்குப் பிறகு இந்தப் பிஹெச் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இரண்டு மதிப்பெண் கணக்காகத் தெரிந்த ஒன்றுக்குப் பின்னால் ஒரு நகரமே நிற்கிறது என்று தெரிந்தது. அந்த நகரம் டென்மார்க்கின் கோபன்ஹேகன். பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

முதலில் ஒரு பீர் ஆலையிலிருந்து தொடங்க வேண்டும். முகம் சுளிக்காதீர்கள், கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஜே. சி. யாகப்சன் என்பவர் 1847-இல் கோபன்ஹேகனுக்கு வெளியே ஒரு பீர் ஆலை தொடங்கினார். மகன் கார்ல் பெயரையும், 'குன்று' என்று பொருள்படும் சொல்லையும் சேர்த்து அதற்குக் கார்ல்ஸ்பெர்க் என்று பெயர் வைத்தார். ஒரு வாரம் பீர் நன்றாக வரும், அடுத்த வாரம் புளித்துப்போகும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. நம் வீட்டில் ஒரு நாள் மாவு பொங்கி வருவதும், இன்னொரு நாள் அப்படியே கிடப்பதும் போலத்தான். யாகப்சன் இதைக் கைராசி என்று விடவில்லை. 1875-இல் ஆலையோடு சேர்த்து ஓர் அறிவியல் ஆய்வகமே அமைத்தார். அதற்கு அவர் விதித்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது: இங்கே கண்டுபிடிக்கப்படும் பயனுள்ள எதையும் மறைத்து வைக்கக் கூடாது, உலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். தொழில் போட்டி நடக்கும் இடத்தில் ஒரு முதலாளி இப்படி எழுதி வைத்தார்.

அந்த நிபந்தனை ஏட்டோடு நிற்கவில்லை. 1883-இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் அங்கே ஈஸ்ட்டைக் கலப்பில்லாமல் தனியாகப் பிரித்து வளர்க்கும் முறையைக் கண்டார். அது மற்ற ஆலைகளுக்கும் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு அங்கே வேதியியல் பிரிவில் இருந்த யோஹான் கெல்டால், ஒரு பொருளில் நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையை வெளியிட்டார். உணவில் புரதம் எவ்வளவு என்று கண்டறிய அந்த முறை இன்றும் பயன்படுகிறது.

கெல்டால் 1900-இல் காலமானார். அடுத்த ஆண்டு அவர் இடத்துக்கு வந்தவர்தான் நம் கதாநாயகர், எஸ். பி. எல். சோரன்சன். 1868-இல் பிறந்தவர், விவசாயி மகன். முதலில் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, பிறகு வேதியியலுக்கு மாறியவர்.

சோரன்சன் ஆராய்ந்தது நொதிகளை. நொதி என்றால் உங்களுக்கு நினைவிருக்கும்: சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கும், அது எச்சிலில் உள்ள நொதியின் வேலை. இந்த நொதிகள் பெரிய பிடிவாதக்காரர்கள். அமிலத்தன்மை சற்று ஏறினாலோ இறங்கினாலோ வேலையை நிறுத்திவிடும். ஒவ்வொன்றுக்கும் பிடித்த அளவு வேறு. இரைப்பையில் உள்ள பெப்சினுக்கு நல்ல புளிப்பு வேண்டும், குடலில் உள்ள நொதிகளுக்கு அது ஆகாது. அப்படியானால் அமிலத்தன்மையைச் சரியாக அளக்காமல் நொதியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. எப்படி அளப்பது?

அந்தக் காலத்தில் தெரிந்த வழி, தரம் பார்த்தல். பியூரெட்டில் காரத்தை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு காரத்தில் அமிலம் அடங்குகிறது என்று பார்ப்பது. ஆனால் அதில் ஒரு சிக்கல். ஒரே செறிவில், லிட்டருக்கு 0.1 மோல் என்று, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அடக்க ஒரே அளவு காரம்தான் தேவைப்படும். தரம் பார்த்தவர் "இரண்டும் சமம்" என்று எழுதிவிடுவார். ஆனால் முதல் கரைசலில் ஹைட்ரஜன் அயனிகள் எல்லாம் பிரிந்து நிற்கின்றன. இரண்டாவதில் நூற்றில் ஒன்று அல்லது சற்றுக் கூடுதலாகத்தான் பிரிந்து நிற்கும். மிச்சமெல்லாம் மூலக்கூறுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். அந்த நேரத்தில் தனியே நிற்கும் அயனிகளை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடையே சுமார் 75 மடங்கு வித்தியாசம். நொதிக்குக் கணக்கு அதுதான். ஊரில் மொத்தம் எத்தனை பேர் என்பது ஒன்று, இப்போது தெருவில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு.

அமிலம் தண்ணீரில் அயனிகளாகப் பிரிகிறது என்ற கருத்தே அப்போது புதிது. சுவீடன் நாட்டு அர்ஹீனியஸ் 1884-இல் தம் ஆய்வேட்டில் அதைச் சொன்னபோது ஆசிரியர்கள் பெரிதாக மதிக்கவில்லை. 1903-இல் அதே வேலைக்காக நோபல் பரிசு வந்தது. அயனிகளின் அளவை மின்னழுத்தமாக அளக்க முடியும் என்று ஜெர்மனியின் நெர்ன்ஸ்ட் 1889-இல் காட்டினார். சோரன்சன் இவற்றைக் கையில் எடுத்து, ஹைட்ரஜன் மின்முனை வைத்து அளக்கத் தொடங்கினார். ஆய்வகத்தில் அவர் மனைவி மார்கிரேத்தும் உடன் வேலை செய்தார்.

அளந்தால் வந்த எண்கள் எப்படி இருந்தன தெரியுமா? ஒரு கரைசலில் லிட்டருக்கு 0.01 மோல். இன்னொன்றில் 0.0000001 மோல். மற்றொன்றில் 0.00000000001 மோல். இதைக் கட்டுரையில் எப்படி எழுதுவது, வரைபடத்தாளில் எப்படிக் குறிப்பது? முதல் புள்ளியைத் தாளில் வைத்தால் இரண்டாம் புள்ளி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

1909-இல் சோரன்சன் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு வழி சொன்னார். எண்ணை 10-இன் அடுக்காக எழுதுங்கள். 0.01 என்பது 10⁻². 0.0000001 என்பது 10⁻⁷. அந்தக் கழித்தல் குறியையும் எடுத்துவிட்டு அடுக்கை மட்டும் சொல்லுங்கள்: 2, 7. அவ்வளவுதான் பிஹெச். ஹெச் என்பது ஹைட்ரஜன். பி எதைக் குறிக்கிறது என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஜெர்மனியில் பொட்டென்ஸ், பிரெஞ்சில் ப்யுய்சான்ஸ், ஆங்கிலத்தில் பவர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சரியென்றாலும் தமிழில் ஒரே சொல் போதும்: அடுக்கு.

லாக் எதற்கு என்று கேட்டவனுக்கு இன்னொரு பதிலும் உண்டு. அது சோரன்சன் வசதிக்காகத் திணித்தது மட்டுமல்ல. மின்முனையின் இயல்பே அப்படி. அயனிச் செறிவு பத்து மடங்கு மாறினால் மின்னழுத்தம் சுமார் 0.059 வோல்ட் மாறும் (25 டிகிரி வெப்பத்தில்). நூறு மடங்கு மாறினால் அதைப்போல் இரண்டு பங்கு. ஆயிரம் மடங்கு என்றால் மூன்று பங்கு. செறிவு பெருக்கலில் ஏற, மின்னழுத்தம் கூட்டலில் ஏறுகிறது. பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவதுதான் லாக். ஆக, கருவி தானே லாக் பேசுகிறது. நாம் அதைத் திருப்பிப் படிக்கிறோம்.

இப்போது அந்தத் திருப்பிப் படிக்கும் கணக்கு. நோட்டை எடுங்கள்.

மனித ரத்தத்தின் பிஹெச் 7.4. ஹைட்ரஜன் அயனிச் செறிவு என்ன?

சூத்திரம்: செறிவு = 10-இன் அடுக்கு (−பிஹெச்). அதாவது 10-இன் அடுக்கு −7.4.

கால்குலேட்டர் இருந்தால் ஒரே அழுத்தல். இல்லாமல் லாக் புத்தகத்தில் பார்க்க வேண்டுமானால் ஒரு சூட்சுமம் உண்டு. அட்டவணையில் பின்னப் பகுதி எப்போதும் கூட்டல் எண்ணாகத்தான் இருக்கும். அதனால் −7.4 என்பதை −8 + 0.6 என்று மாற்றி எழுத வேண்டும். கூட்டிப் பாருங்கள், அதே −7.4 வரும். இனி 0.6-க்கு எதிர்மடக்கை பாருங்கள்: 3.981. அடுக்கு −8. விடை 3.98 × 10⁻⁸ மோல். ஒரு மோலில் நூறு கோடியில் ஒரு பங்குக்கு நானோமோல் என்று பெயர். அந்தக் கணக்கில் லிட்டருக்கு 39.8, அதாவது ஏறத்தாழ 40 நானோமோல்.

பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று. −7.4 என்றதும் 7-ஐத் தனியாகவும் 0.4-ஐத் தனியாகவும் பிரித்து, 0.4-க்கு எதிர்மடக்கை பார்த்து 2.51 × 10⁻⁷ என்று எழுதிவிடுவார்கள். அது பிஹெச் 6.6-க்கு உரிய விடை. ரத்தம் அந்த நிலைக்குப் போனால் ஆள் பிழைப்பது அரிது. ஆகவே ஒரு சரிபார்ப்பு வைத்துக்கொள்ளுங்கள்: பிஹெச் 7-க்கும் 8-க்கும் நடுவில் இருந்தால் விடை 10⁻⁷-க்கும் 10⁻⁸-க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். 2.51 × 10⁻⁷ அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது, அதனால் தவறு.

இன்னொன்று. எலுமிச்சைச் சாறு ஒன்றின் பிஹெச் 2.4 என்று வைத்துக்கொள்வோம். −2.4 = −3 + 0.6. விடை 3.98 × 10⁻³. ரத்தத்துக்கு வந்த அதே 3.98! அடுக்கு மட்டும்தான் மாறியிருக்கிறது. பிஹெச்சில் வித்தியாசம் 5. உண்மையில் வித்தியாசம் ஒரு லட்சம் மடங்கு.

கடைசியாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று: 2-இன் லாக் 0.3. அதனால் பிஹெச் 0.3 குறைந்தால் அமிலம் இரண்டு மடங்கு. 7.4-இல் 40 நானோமோல் என்றால் 7.1-இல் 80. பார்க்க 7.4-க்கும் 7.1-க்கும் ஏதோ சில்லறை வித்தியாசம் போலத் தெரியும். கடையில் ஏழு ரூபாய் நாற்பது காசுக்கும் ஏழு ரூபாய் பத்துக் காசுக்கும் யாரும் சண்டை போடுவதில்லை. ஆனால் உடம்புக்கு அது இரட்டிப்பு.

இந்தச் சில்லறை வித்தியாசம் எத்தனை உயிர்களைப் பிடித்து வைத்திருந்தது என்பதுதான் இனி நான் சொல்லப்போவது.

1952. அதே கோபன்ஹேகன். ஜூலை மாதம் இளம்பிள்ளைவாதம் பரவத் தொடங்கியது. நம்மில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த நோயைச் சொல்லி விளக்க வேண்டாம். நம் ஊர்ப் பள்ளிகளில் காலில் இரும்புப் பட்டை மாட்டி நடந்த பிள்ளைகள் வகுப்புக்கு ஒருவராவது இருந்த காலம் உண்டு. அப்போது தடுப்பூசி கிடையாது. சால்க் தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்ததே 1955-இல்.

நோயாளிகள் எல்லோரும் பிளேக்டம் மருத்துவமனைக்கு வந்தார்கள். அது தொற்றுநோய்களுக்கான மருத்துவமனை. உச்சத்தில் ஒரு நாளைக்கு 50 பேர் வரை. அந்த ஆண்டின் இறுதிக்குள் மொத்தம் சுமார் 2,700 பேர். அவர்களில் முந்நூறுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொண்டையும் மூச்சுத் தசைகளும் செயலிழந்தன. அத்தனை பேருக்கும் சேர்த்து மருத்துவமனையில் இருந்தது, ஆளைக் கழுத்து வரை உள்ளே படுக்க வைக்கும் 'இரும்பு நுரையீரல்' ஒன்று, மார்பில் கவசம்போல் மாட்டும் கருவிகள் ஆறு. முதல் மூன்று வாரங்களில் இப்படிச் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைகள்.

இறந்தவர்களுக்கு உடம்பு வியர்த்தது, ரத்த அழுத்தம் ஏறியது, பிறகு நினைவு தப்பியது. ரத்தத்தைச் சோதித்தால் அதில் மொத்தக் கார்பன் டை ஆக்சைடு, அதாவது பெரும்பாலும் பைகார்பனேட், மிக அதிகமாக இருந்தது. பைகார்பனேட் காரம், நம் சமையல் சோடாவில் இருப்பது. ஆகவே மருத்துவர்கள், ரத்தம் காரமாகிவிட்டது, காரணம் தெரியாத ஏதோ ஒரு காரநோய், கிருமி மூளையையே தாக்கிவிட்டது, நம்மால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்தார்கள்.

தலைமை மருத்துவர் லாசன் திறமைசாலிதான். ஆனால் கையில் இருந்த அளவு அப்படிச் சொன்னது. ஆகஸ்ட் 25-ஆம் தேதி, பியோர்னபோ என்ற சக மருத்துவரின் யோசனைப்படி, பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணரை அழைத்துப் பேசினார்கள். அந்தக் காலத்தில் மயக்க மருந்து மருத்துவரை அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே யாரும் கேட்பதில்லை.

இப்சன் குறிப்புகளைப் பார்த்தார். இறந்தவர்களின் நுரையீரல்களையும் பார்த்தார். அவர் சொன்னது நேர் எதிர்: இது காரநோய் அல்ல. இவர்கள் மூச்சு போதாமல், வெளியே விட வேண்டிய கார்பன் டை ஆக்சைடை விட முடியாமல் இறக்கிறார்கள். ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது. அந்த அமிலத்தைச் சமாளிக்கத்தான் உடம்பு பைகார்பனேட்டைச் சேர்த்து வைக்கிறது. நீங்கள் நோயென்று நினைப்பது உடம்பு தனக்குத்தானே செய்துகொள்ளும் வைத்தியம்.

இரண்டில் எது சரி? இங்கேதான் பிஹெச் வருகிறது. பைகார்பனேட்டை மட்டும் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அமெரிக்காவில் ஹெண்டர்சன் 1908-இல் ஒரு தொடர்பைச் சொன்னார். சில ஆண்டுகள் கழித்து, கோபன்ஹேகனிலேயே இருந்த ஹாசெல்பால்ச் அதைச் சோரன்சனின் பிஹெச்சோடு இணைத்தார். அதைச் சுருக்கினால் இப்படி வரும்:

ஹைட்ரஜன் அயனி (நானோமோல்) = 24 × கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் ÷ பைகார்பனேட்

நலமாக இருப்பவருக்கு அழுத்தம் 40 (பாதரச மில்லிமீட்டரில்), பைகார்பனேட் 24 (லிட்டருக்கு மில்லிமோல்). விடை 40 நானோமோல், பிஹெச் 7.4. சரி.

இப்போது கணக்குக்காக இரண்டு நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் பைகார்பனேட் 40, மிக அதிகம்.

முதலாமவருக்கு அழுத்தம் 50. 24 × 50 ÷ 40 = 30 நானோமோல். பிஹெச் 7.52. ரத்தம் காரம்.

இரண்டாமவருக்கு அழுத்தம் 130. 24 × 130 ÷ 40 = 78 நானோமோல். பிஹெச் 7.11. ரத்தம் கடும் அமிலம்.

ஒரே பைகார்பனேட். ஒருவருக்குக் காரம், மற்றவருக்கு அமிலம். முதலாமவரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டாமவருக்கு உடனே காற்றை உள்ளே அடித்து, கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றாவிட்டால் உயிர் போய்விடும். எது என்று சொல்லும் மூன்றாவது எண்ணை யாரும் அளக்காதவரை, இரண்டு நோயாளிகளும் அட்டையில் ஒன்றுபோலவே இருப்பார்கள்.

ஆகஸ்ட் 27. நான்கு கைகால்களும் செயலிழந்து, காய்ச்சல் 40 டிகிரிக்கு மேல் ஏறி, தன் எச்சிலிலேயே மூழ்கிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியை இப்சனிடம் கொடுத்தார்கள். தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். ரப்பர்ப் பையை அழுத்திக் காற்றடிக்க வேண்டும். ஆனால் அவள் மூச்சுக்குழல் இறுகிக்கொண்டு காற்று உள்ளே போகவில்லை. சுற்றி நின்ற மருத்துவர்கள் நம்பிக்கை இழந்தார்கள். இப்சன் மயக்க மருந்து கொடுத்தார். அவளுடைய சொந்த மூச்சு நின்றது, இறுக்கம் தளர்ந்தது, காற்று உள்ளே போனது. தோலின் நீலம் மறைந்தது, வியர்வை அடங்கியது, கார்பன் டை ஆக்சைடு இறங்கியது. பழைய கவசக் கருவிக்கு மாற்றிப் பார்த்தார்கள்: மறுபடி மோசமானாள். பைக்குத் திரும்பினார்கள்: மறுபடி தேறினாள். இதைவிடத் தெளிவான சோதனை வேண்டுமா? அந்தச் சிறுமி பிழைத்தாள், பல ஆண்டுகள் வாழ்ந்தாள்.

மருத்துவமனை ஆய்வகத்தின் தலைவர் பௌல் அஸ்ட்ரப். அவரிடம் பிஹெச் மீட்டர் வந்தது. கோபன்ஹேகனிலேயே ரேடியோமீட்டர் என்ற நிறுவனம் அதைச் செய்துகொண்டிருந்தது. ரத்தத்தின் பிஹெச்சை நேரடியாக அளந்தபோது சந்தேகம் தீர்ந்தது: அமிலம். இப்சன் சொன்னதே சரி.

(இந்த மீட்டருக்கும் ஒரு கிளைக்கதை உண்டு. சோரன்சன் காலத்து ஹைட்ரஜன் மின்முனை ரத்தத்துக்கும் பழச்சாற்றுக்கும் ஒத்துவராது. கண்ணாடி மின்முனை ஒத்துவரும், ஆனால் அதில் கிடைக்கும் மின்சாரம் மிகமிகச் சொற்பம். 1934-இல் கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க முடியாமல் தவித்த நண்பர் ஒருவருக்காக, அர்னால்டு பெக்மன் என்ற வேதியியல் ஆசிரியர் வெற்றிடக் குழல்களை வைத்து அந்த மின்சாரத்தைப் பெருக்கிக் காட்டினார். அதிலிருந்துதான் பிஹெச் மீட்டர் கடைச்சரக்கானது.)

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காற்றடிக்க இயந்திரம் ஏது? அந்த நகரம் செய்ததை நான் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மருத்துவக் கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1,500 பேர் முறை வைத்து வந்தார்கள். ஒவ்வொரு படுக்கைக்குப் பக்கத்திலும் ஒரு மாணவர் உட்கார்ந்து, ரப்பர்ப் பையை அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு, ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம். அவர் எழுந்தால் அடுத்தவர். இரவும் பகலும், மாதக்கணக்கில். ஒரே நேரத்தில் 70 பேர் வரை இப்படிக் கைமூச்சில் இருந்தார்கள். இருபது வயதுப் பிள்ளைகள் பத்து வயதுப் பிள்ளைகளுக்காக மூச்சுவிட்டார்கள்.

இறப்பு விகிதம் நூற்றுக்கு 87 என்பதிலிருந்து 40 அளவுக்கு விழுந்தது, பிறகு இன்னும் குறைந்தது.

ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வேகமாக அழுத்த வேண்டும்? குறைந்தால் அமிலம், கூடினால் காரம். அதைச் சொன்னது ஆய்வகத்திலிருந்து வந்த எண். ஓயாமல் மாதிரிகள் வந்ததால், அஸ்ட்ரப் பிஹெச் மீட்டர் ஒன்றை மட்டும் வைத்தே கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தையும் கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கினார். அதற்குக் கைகொடுத்ததும் லாக்தான். அழுத்தத்தின் லாக்கையும் பிஹெச்சையும் வரைபடத்தில் குறித்தால் நேர்கோடு வரும். இரண்டு தெரிந்த புள்ளிகளை வைத்துக் கோடு போட்டால் தெரியாத மூன்றாவதைப் படித்துவிடலாம். 1953 இறுதியில் இப்சன், இப்படிப்பட்ட நோயாளிகளுக்கென்றே கோபன்ஹேகன் நகர மருத்துவமனையில் தனிப் பிரிவு தொடங்கினார். இன்று நாம் ஐசியூ என்கிறோமே, அதன் தொடக்கம் என்று பலரும் குறிப்பிடுவது அதைத்தான்.

என் மாணவி ஒருத்தி இப்போது ஐசியூ நர்ஸ். ஏபிஜி என்று ஒரு பரிசோதனை எடுப்பார்களாம், மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து. சீட்டில் பிஹெச், கார்பன் டை ஆக்சைடு அழுத்தம், பைகார்பனேட் என வரிசையாக இருக்குமாம். "முதல் வரியைத்தான் டீச்சர் முதல்ல பார்ப்போம்" என்றாள். கொரோனா காலத்தில் அவள் எத்தனை சீட்டுகளைப் பார்த்திருப்பாள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ரத்தத்தில் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு அற்பம் என்று ஒருமுறை பாருங்கள். சோடியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் இருக்கிறது. ஹைட்ரஜன் அயனி 40 நானோமோல். வகுத்தால், 35 லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சொற்பமான ஒன்று இரட்டிப்பானால் உயிருக்கு ஆபத்து. அதை 7.4, 7.1 என்று எழுதும்போது ஆபத்தின் அளவு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் மருத்துவர்களில் சிலர், பிஹெச்சை விட்டுவிட்டு நானோமோலிலேயே எழுதலாமே என்று வாதாடினார்கள். பழக்கம் வென்றது, பிஹெச் நின்றது. அப்படியானால் பிஹெச்சைச் செறிவாகத் திருப்பிப் போடும் அந்த இரண்டு மதிப்பெண் கணக்கு எதற்கு என்று இப்போது தெரிகிறதா? புள்ளிக்குப் பின்னால் இருப்பதன் உண்மையான பருமனைப் பார்ப்பதற்கு.

ஆலைக்காரர் ஒருவர் மறைக்காதே என்றார். அவர் ஆய்வகத்தில் ஒருவர் பீருக்கும் நொதிக்கும் ஓர் அளவுகோல் செய்து உலகத்துக்குக் கொடுத்தார். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, அதே ஊரில், அந்த அளவுகோல் குழந்தைகளின் மூச்சைக் காத்தது. சோரன்சன் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1939-லேயே காலமாகிவிட்டார். நாம் இன்று செய்து வைக்கும் ஒழுங்கான வேலை யாருக்கு எப்போது உதவும் என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. செய்து, மறைக்காமல் வைத்துவிட்டால் போதும்.

பதிவை முடிக்கும் முன் வீட்டுப்பாடம். டீச்சர் ஓய்வு பெற்றாலும் வீட்டுப்பாடம் ஓய்வு பெறாது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் கடல்நீரின் மேற்பரப்பு பிஹெச் சுமார் 8.2. இப்போது சுமார் 8.1. காற்றில் கூடிய கார்பன் டை ஆக்சைடு கடலில் கரைந்ததால் வந்த மாற்றம். "0.1 தானே" என்று சொல்வோர் உண்டு. இரண்டுக்கும் ஹைட்ரஜன் அயனிச் செறிவு கண்டுபிடித்து, எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று எழுதுங்கள். −8.1 என்பதை −9 + 0.9 என்று மாற்ற மறக்காதீர்கள். படிகளோடு எழுத வேண்டும், வெறும் விடைக்கு மதிப்பெண் கிடையாது. லாக் புரியவில்லை என்று கேட்டவன் தன் மகளோடு உட்கார்ந்து முதலில் எழுதட்டும். மற்றவர்கள் அவனைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்